கரடிப்போக்கில் ஒரு மோட்டர் கடை

எங்கள் கிணற்று மோட்டரை விடியப்புறம் போட்டால் பக்கத்து வளவுக்காரரும் எழும்பிவிடுவார். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் உள்ள சின்னத் திருத்தக் கடைக்குக் கொண்டுபோனேன். பெடியன் கரண்ட் கொடுக்கவே இல்லை. விசிறிப் பக்கத்தைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டான்.

"பேரிங் கரகரக்குது அண்ணை. தண்ணியை மறிக்கிற சீல் கசிஞ்சு உள்ளுக்குத் தண்ணி போயிருக்கு."

கழற்றினால் கிறீஸ் முழுக்கக் கறள். பேரிங்கை மட்டும் மாற்றினால் திரும்பவும் போகும் என்று சீலையும் மாற்றினான். கோடையில் கிணறு வற்றி, குழாயின் அடி நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு காற்றை இழுத்தாலும் சரளை உருள்வதுபோல இரையுமாம். கழற்றிய பழைய சாமான்களைக் கையில் தந்தது பிடித்தது. சொன்ன நாளுக்கு மட்டும் தரமாட்டார்கள், இரண்டு தரம் அலைய வேண்டும். மோட்டருக்கு அடியில் வைக்க டயர் ரப்பர் துண்டு வெட்டித் தந்தான். அதற்குக் காசு வாங்கவில்லை.