ஓடவும் வழி சொல்லும் விதிப்புத்தகம்: ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதைவேட விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் தோற்கிற சண்டையை விட்டு ஓடுவது பெரும்பாடு. டிஸ்எங்கேஜ் என்ற விலகல் நடவடிக்கையை எடுத்தால் விலகும்போது அடி விழாது, ஆனால் அந்த முறைக்கான உங்கள் ஆக்‌ஷன் அதிலேயே தீர்ந்துவிடும். 30 அடி விலகி நின்றால், அதே வேகமுள்ள எதிரி தன் முறையில் 30 அடி நடந்து வந்து வெட்டுகிறான். ஓநாய்க்கு 40 அடி வேகம். அதனால்தான் பல குழுக்கள் கடைசி ஆள் சாயும்வரை நின்று அடித்துக்கொள்கின்றன. 13த் ஏஜ் என்ற இன்னொரு விளையாட்டு இதை ஒரே வரியில் தீர்க்கிறது: எல்லா வீரர்களும் சம்மதித்தால் விழுந்தவர்களையும் தூக்கிக்கொண்டு குழு தப்பிவிடும், பதிலுக்குக் கதையில் ஒரு பெரிய இழப்பு. நல்ல விதிதான், ஆனால் ஓட்டத்தில் விளையாட்டு இல்லை.

அந்த விளையாட்டு இருப்பது நெக்ரோட்டிக் நோம் வெளியிடும் ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸில். 1981-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளைத் தெளிவாக அடுக்கித் தந்திருக்கும் புத்தகம் இது.

கைகலப்பிலிருந்து விலக இரண்டு வழிகள். எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதை இனிஷியேட்டிவ், அதாவது யார் முதலில் என்பதற்கான பகடை, உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முதல் வழி, பாதி வேகத்துக்கு மிகாமல் பின்னோக்கி நகர்வது. பின்னால் வழி திறந்திருக்க வேண்டும். தண்டனை எதுவும் இல்லை, ஆனால் பிளேட் என்ற கனத்த உலோகக் கவசம் அணிந்தவர் ஒரு சுற்றில் 10 அடிதான் நகர்வார், எதிரி கூடவே வருவான். இது தப்பிக்கும் வழியல்ல. வாசற்படிக்கோ ஈட்டிக்காரர் பக்கத்துக்கோ போய்ச் சேர்வதற்கானது. இரண்டாவது, திரும்பி ஓடுவது. அந்தச் சுற்றில் நீங்கள் தாக்க முடியாது, எதிரியின் தாக்குதல் உருட்டலுக்கு +2, உங்கள் கேடயம் கணக்கில் வராது.

துரத்தல் விதிகளில் பாரம்தான் உயிரை எடுக்கிறது. எளிய சுமைக் கணக்கின்படி, உலோகக் கவசத்தோடு புதையல் மூட்டையும் சுமப்பவர் சுற்றுக்கு 30 அடி ஓடுவார். காப்ளின் (குட்டிப் பூதம்) 60 அடி ஓடும். மூட்டையைப் போட்டால் நீங்களும் 60. ஓடுபவர் வேகமானவராக இருந்தால் மட்டுமே தானாகத் தப்பிக்க முடியும் என்பதால் சம வேகம் போதாது. ஆனால் கீழே விழுந்த தங்கம் இங்கே உதவுகிறது: புதையலில் ஆசையுள்ள எதிரி அதைப் பொறுக்க நிற்பதற்கு ஆறில் மூன்று வாய்ப்பு. பசித்த மிருகத்துக்கு உணவை எறிந்தாலும் அதே கணக்கு. 2 தங்கக் காசுக்குக் கிடைக்கும் எண்ணெயைத் தரையில் ஊற்றிக் கொளுத்தினால் 10 நிமிடம் எரியும். குறுகிய தாழ்வாரத்தில் இதைவிட மலிவான பூட்டு கிடையாது. எறிய வேண்டியதை மேல் பையில் வையுங்கள்.

30 சுற்றுகள், அதாவது 5 நிமிடம் ஓடினால் களைப்பு: தாக்குதல், சேதம், கவசப் பாதுகாப்பு மூன்றிலும் 2 புள்ளி தண்டனை, அரை மணி நேரம் ஓய்வெடுத்தால்தான் தீரும். ஓடும்போது வரைபடம் போட முடியாது. தப்பித்த பிறகு வழி தொலைந்து சாகிற குழுக்கள் இதனால்தான் உருவாகின்றன. பார்வையிலிருந்து மறைந்தால் பெரும்பாலான எதிரிகள் துரத்துவதை விட்டுவிடும். ஆகவே நேராக ஓடாமல் முதல் திருப்பத்தில் திரும்புங்கள்.

புத்தகத்தின் உண்மையான ஓட்டை ஒன்று உண்டு. தப்பியோடும் விதிகள் சண்டை தொடங்குவதற்கு முன்பு மட்டுமே என்கிறது அது. நடுச்சண்டையில் திரும்பி ஓடியவர் எப்போது துரத்தலுக்குள் நுழைகிறார் என்பதற்கு விடை இல்லை. இவ்வளவு அழகாக அடுக்கிய புத்தகத்தில் இது வருத்தம் தருகிறது. வேலை செய்யும் ஒட்டு இது: எல்லோரும் விலக ஒரு சுற்று, அதில் +2 அடியைத் தாங்க வேண்டும், கைகலப்பில் யாரும் மிஞ்சாவிட்டால் அடுத்த சுற்றிலிருந்து ஓட்ட வேகத்தில் துரத்தல். குழுவின் வேகம் மெதுவான ஆளின் வேகமே. இதை முதல் அமர்விலேயே ரெஃப்ரி (ஆட்டத்தை நடத்துபவர்) அறிவித்துவிட வேண்டும். நெருக்கடியில் சொன்னால் யாரும் நம்பி ஓடமாட்டார்கள்.

மொரேல் விதி, அதாவது எதிரியின் மனவுறுதியைச் சோதிக்கும் விதி, விருப்பத்துக்குரியது, ஆனால் தவிர்க்காதீர்கள். ஒரு தரப்பில் முதல் ஆள் விழும்போதும், பாதிப்பேர் வீழ்ந்ததும் 2 டி6 (இரண்டு ஆறுமுகப் பகடைகள்) உருட்டி, மொரேல் எண்ணைத் தாண்டினால் எதிரி ஓடுவான் அல்லது சரணடைவான். காப்ளினின் எண் 7, ஆக ஒவ்வொரு சோதனையிலும் 36-இல் 15 வாய்ப்பு. எலும்புக்கூட்டுக்கு 12, அது ஓடவே ஓடாது. முதல் காப்ளினை வீழ்த்தும்வரை தாக்குப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய தேவையே வராமல் போகலாம்.

விதிகள் பதிப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. வாங்குவதற்கு முன் சண்டை, துரத்தல் ஆகிய இரண்டு பகுதிகளையும் அங்கே படித்துவிடுங்கள்.