இயக்கமும் விஎஃப்எக்ஸும் எங்கே படிப்பது? திரைப்படக் கல்லூரிகள் குறித்த மதிப்புரை

இயக்குநராக விரும்பும் மாணவரைத் திரைப்படக் கல்லூரிக்கும், படம்பிடித்த காட்சியைக் கணினியில் மாற்றியமைக்கும் விஎஃப்எக்ஸ் கலைஞராக விரும்பும் மாணவரைக் கணினி மையத்துக்கும் அனுப்புவதே நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது. விஎஃப்எக்ஸ் கூடத்தில் கம்பாசிட்டிங், அதாவது தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாக இணைக்கும் வேலை பார்ப்பவன் என்ற முறையில், இந்தப் பிரிவினையே பிற்காலத்துச் சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் என்று கருதுகிறேன். ஆகவே இயக்குநர் மாணவரும் விஎஃப்எக்ஸ் மாணவரும் ஒரே குறும்படத்தில் சேர்ந்து உழைக்க வாய்ப்பு இருக்கிறதா என்பதை வைத்தே இங்கு ஒவ்வொரு நிறுவனத்தையும் எடைபோடுகிறேன்.

காருக்குள் இருவர் பேசும் எளிய காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னர் கணினியில் வேறு பின்னணியைச் சேர்ப்பதற்காகச் சன்னலுக்கு வெளியே பச்சைத் துணி கட்டியிருக்கிறார்கள்; துணி மிக அருகில் இருப்பதால் நடிகையின் சுருள்முடி ஓரங்களில் பச்சை ஒளி படிந்திருக்கிறது; கேமரா கையில் ஆடுகிறது, ஆனால் அந்த அசைவைக் கணினி பின்தொடர உதவும் டிராக்கிங் குறிகள் துணியில் இல்லை; எந்த லென்ஸ் போடப்பட்டது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் பத்து நொடி ஷாட்டுக்கு 240 ஃபிரேம். அவற்றில் முடியின் விளிம்பை ரோட்டோ கலைஞர் கையால் வரைந்து பிரித்தாக வேண்டும். துணியைச் சற்றுத் தள்ளிக் கட்டி, நான்கு குறிகளை ஒட்டி, லென்ஸ் எண்ணை எழுதி வைத்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. இதை உதவி இயக்குநருக்கு எந்த மென்பொருள் வகுப்பும் கற்றுத் தராது. படப்பிடிப்புத் தளத்தில் விஎஃப்எக்ஸ் மாணவன் பக்கத்தில் நின்றால்தான் படியும்.

இந்த அளவுகோலில் எனக்கு முதலில் நிற்பது சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். பிளஸ் டூ முடித்தவர்கள் சேரக்கூடிய நான்காண்டுப் பட்டப்படிப்பாக இயக்கமும் திரைக்கதையும், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, டிஜிட்டல் இன்டர்மீடியட் (படத்தின் நிறத்தைக் கணினியில் சீர்செய்வது) ஆகியவற்றுடன் அனிமேஷனும் விஎஃப்எக்ஸும் இங்கே ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் படித்த இடம் என்பதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 1986இல் வெளிவந்த ‘ஊமை விழிகள்’ இந்நிறுவனத்தில் பயின்றவர்கள் துறை கடந்து கூட்டாகச் சேர்ந்து எடுத்த படம் என்பதே. அந்தக் கூட்டணி வகுப்பறையிலேயே உருவானது. அரசு நிறுவனம் என்பதால் கட்டணமும் தனியாரோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. குறை என்று சொன்னால், இடங்கள் சொற்பம்; தேர்வு முறையைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். தவிர, விஎஃப்எக்ஸ் மென்பொருள்கள் மாறும் வேகத்துக்கு எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டமும் ஈடுகொடுக்காது. அந்த இடைவெளியை மாணவர் தாமே நிரப்பிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

பட்டம் முடித்துவிட்டு இயக்கத்தை மட்டும் ஆழமாகக் கற்க நினைப்பவருக்கு, பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960இல் தொடங்கப்பட்ட புனே திரைப்படக் கல்லூரிக்கு நிகராக நாட்டில் அதிகம் இல்லை. பாலு மகேந்திரா ஒளிப்பதிவு பயின்றது அங்கேதான். கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனமும் அதே தரத்தது. ஊரை விட்டுப் போக முடியாதவர்கள், சென்னை சாலிகிராமத்தில் பிரசாத் ஸ்டூடியோவோடு இணைந்த எல்.வி.பிரசாத் அகாதமியை விசாரிக்கலாம்.

தனியார் விஎஃப்எக்ஸ் மையங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் பணம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. விளம்பரப் பலகையில் மாயா, நியூக், ஹூடினி என்று மென்பொருள்களின் பெயர்களை அடுக்கியிருப்பார்கள். ஆனால் முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் பிளெண்டர் மென்பொருள் முற்றிலும் இலவசம். நியூக்குக்கும் ஹூடினிக்கும் கற்பவர்களுக்கான இலவசப் பதிப்புகள் உண்டு. ஆகவே மாணவர் கட்டும் பணம் மென்பொருளுக்காக அல்ல, தம் ஷாட்டைப் பார்த்து ‘கறுப்பு அளவு பொருந்தவில்லை, நிழல் மிதக்கிறது’ என்று சொல்லக்கூடிய அனுபவசாலிக்காக. அப்படிப்பட்டவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பில் இருப்பார் என்று சேர்க்கைப் பிரிவில் கேட்டால், பல இடங்களில் பதில் மழுப்பலாகவே வரும்.

எங்களிடம் வேலை கேட்டு வருவோர் தம் வேலைகளைத் தொகுத்துத் தரும் ஷோரீல்களில் ஒரே மையத்தைச் சேர்ந்தவற்றை உடனே கண்டுகொள்ளலாம். அதே தெரு, அதே ரோபோ, அதே வெடிப்பு. பயிற்சிக்குக் கொடுத்த பிளேட்டையே (படம்பிடித்த மூலக் காட்சியையே) வகுப்பு முழுவதும் செய்திருக்கும். அவற்றுக்கு நடுவே, மொட்டை மாடியில் தானே படம்பிடித்து, சாம்பல் நிறப் பந்தை வைத்து வெளிச்சத்தைப் பதிவு செய்து, ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டியை நம்பும்படி சேர்த்திருக்கும் ரீல் வந்தால் அதைத்தான் இரண்டாம் முறை ஓட்டிப் பார்ப்போம். சேருமுன் முந்தைய ஆண்டு மாணவர்களின் ரீல்களைக் காட்டச் சொல்வது எந்தக் கையேட்டைவிடவும் தெளிவாகப் பேசும்.

‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்ற வாசகத்தைக் கண்டால் நான் அந்த மையத்தின் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். விஎஃப்எக்ஸ் நிறுவனமான ரிதம் அண்ட் ஹ்யூஸ் 2013இல் ஆஸ்கர் வாங்கிய அதே மாதத்தில் திவாலாகியிருந்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற மற்றொரு விஎஃப்எக்ஸ் நிறுவனம் நிலைகுலைந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். இத்தகைய தொழிலில் வேலைக்கு உறுதி தருவது பயிற்சி மையத்தின் கையில் இல்லை. ரோட்டோ வேலையின் ஒரு பகுதியை இயந்திரக் கற்றல் கருவிகள் எடுத்துக்கொண்டு வரும் நிலையில், ரோட்டோவையும் பெயின்டையும் (காட்சியில் வேண்டாதவற்றை அழிப்பதையும்) மட்டும் கற்பித்து அனுப்பும் குறுகியகாலப் படிப்புகளைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

தனியார் மையத்தில்தான் சேர்வது என்று முடிவானால், கட்டணத்தை ஒரே தவணையில் கட்டாமல், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும், ஆசிரியர் மாறினால் என்ன ஏற்பாடு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுவது நல்லது.