‘மெயின்’ என்று ஒட்டியிருந்தது, மெயினாக இல்லை

பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதும்போது இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு மின்பலகை மூன்று தலைமுறை வேலை. பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் ஒரு பக்கம், பிற்பாடு யாரோ மாட்டிய பிளாஸ்டிக் எம்.சி.பி. பெட்டி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்சுகள் கொண்டது) இன்னொரு பக்கம், நடுவில் எங்கே போகிறது என்றே தெரியாத வயர்கள். அவசரத்துக்கு எதை அணைப்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து, “மெயின் எது என்று கண்டுபிடித்துப் பெயர் ஒட்டிக் கொடுங்கள், அது போதும்” என்றேன்.

வந்தவர் எம்.சி.பி. பெட்டியில் ஓரமாக இருந்த பெரிய சுவிட்சை இறக்கினார். வீடு முழுக்க விளக்கு அணைந்தது. ‘மெயின்’ என்று ஒட்டினார். முழு பலகையையும் சோதித்ததாகச் சொல்லி அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு போனார். டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்ததாகவே எனக்கு நினைவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு பிளக் பாயின்ட்டை மாற்ற வேண்டியிருந்தது. மெயினை இறக்கினேன். ஃபேன் நின்றது, விளக்கு இல்லை. மூடியைக் கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. அடுத்த முனையில் வைத்தேன். அங்கேயும் எரிந்தது! டெஸ்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, கையால் வயரை இழுக்கப் போனேன். அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மனசு கேட்காமல் வேலையை நிறுத்திவிட்டு வேறொருவரை வரவழைத்தேன். வயதானவர். அவர் பலகைப் பக்கமே போகவில்லை, நேராக மீட்டருக்குப் போனார். “மீட்டர்ல இருந்து வெளிய வர்ற தடிமனான வயரைக் கண்ணாலேயே பிடிச்சுக்கிட்டுப் போங்க. அது முதல்ல எதுக்குள்ள நுழையுதோ அதுதான் மெயின். பலகையில ஒட்டியிருக்கிற பேரையெல்லாம் பார்க்காதீங்க” என்றார். அந்த வயர் நுழைந்த இடம், மீட்டருக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராகப் பெயின்ட் அடித்து மறைந்திருந்த ஓர் இரும்புப் பெட்டி. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைப் பழைய ஃபியூஸ் பெட்டி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

அப்படியானால் ஒட்டியிருந்த சுவிட்சை இறக்கியதும் விளக்கு ஏன் அணைந்தது? அது ‘சிங்கிள் போல்’ சுவிட்ச், ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும். எம்.சி.பி. பெட்டியை மாட்டியவர் ஃபேஸையும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலையும் (அது திரும்பிப் போகும் வயர்) மாற்றிக் கொடுத்திருந்ததால், அது துண்டித்தது நியூட்ரலை. சுற்று முழுமையாகாததால் எதுவும் ஓடவில்லை. ஆனால் ஃபேஸ் வீடெங்கும் அப்படியே உயிரோடு இருந்தது. ஃபிரிட்ஜ் மாதிரி ஏதாவது ஒன்று ஆன் நிலையில் இருந்தால் அதன் வழியாக மற்ற வயருக்கும் மின்சாரம் வந்துவிடும். இரண்டு முனையிலும் டெஸ்டர் எரிந்த மர்மம் அதுதான்.

இதே ஆபத்து பழைய ஃபியூஸ் கட்டைகளிலும் உண்டு. ஒரு காலத்தில் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டிலும் ஃபியூஸ் வைத்தார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் வீடு இருண்டிருக்கும், தொட்டால் அடிக்கும். எங்கள் பலகையிலும் அப்படி ஒன்று இருந்தது. பெரியவர் அதை எடுத்துவிட்டு நியூட்ரலை நேராக இணைத்தார்.

இரும்புப் பெட்டியின் கைப்பிடியை இறக்கிய பிறகும் அவர் அதை நம்பவில்லை. பழைய சுவிட்சுகளில் கைப்பிடி இறங்கினாலும் உள்ளே ஒரு தகடு விலகாமல் நின்றுவிடுமாம். மல்டிமீட்டரை (மின்னழுத்தத்தை அளக்கும் கருவி) முதலில் மின்சாரம் இருக்கும் முனையில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்தார். அப்புறம் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என மூன்றையும் அளந்தார். கடைசியில் மறுபடி உயிருள்ள முனையில் வைத்து மல்டிமீட்டரைச் சரிபார்த்தார். இன்வெர்ட்டர் இருக்கிறதா என்றும் கேட்டார். இருந்தால் மெயினை இறக்கினாலும் அது தன் பங்குக்கு வீட்டுக்குள் மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

முதலில் வந்தவருக்குப் போன் செய்தேன். “லைட் அணைஞ்சுதுல்ல சார்? நீங்க பேர் ஒட்டத்தானே சொன்னீங்க?” என்றார். சோதித்ததாகச் சொல்லி வாங்கிய பணத்தைக் கேட்டதும் வைத்துவிட்டார். அதன்பிறகு எடுக்கவே இல்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது மெயினைக் காட்டிக் கொடுத்தால், இறக்கிவிட்டு உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள், பணத்தை அதற்குப் பிறகு எடுங்கள். இன்னொன்று: உண்மையான மெயினையே இறக்கினாலும் மீட்டரிலிருந்து அதற்குள் நுழையும் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த இரும்புப் பெட்டியை மாற்றப்போகிறோம். மின்வாரியத்து ஆட்கள் வந்து சப்ளையைத் துண்டிக்கும்வரை அதைத் திறக்கக்கூடாது என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம்.