பத்துப் பட்டன், இரண்டரை கார்டு: ஒற்றை வரிசை அக்கார்டியன் மதிப்புரை

ஒற்றை வரிசைப் பட்டன் அக்கார்டியனை வாங்க விரும்புவோர், குறிப்பாக கிட்டாரிலிருந்தோ கீபோர்டிலிருந்தோ வருவோர், முதலில் கேட்பது இதில் கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள், வாசிக்க முடியுமா என்பதைத்தான். விற்பவர்கள் இடக்கைப் பக்கமுள்ள இரண்டு விசைகளைக் காட்டி, முடியும் என்கிறார்கள். அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் பாதி உண்மைதான். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜன் இசைக்குரிய அமைப்பில், சி சுருதியில், வலப்பக்கம் பத்துப் பட்டன்களும் நான்கு ஸ்டாப்புகளும் (ஒலி தரும் ரீடு என்னும் உலோக நாக்குகளின் தொகுதிகளைத் திறந்து மூடும் குமிழ்கள்), இடப்பக்கம் இரண்டு விசைகளும் கொண்ட ஒரு தொழிற்சாலைத் தயாரிப்பைச் சில காலமாக வாசித்து வருகிறேன். அதை இந்த ஒரு கேள்வியை முன்வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

ஆர்மோனியத்தில் துருத்தி எப்படி அசைந்தாலும் ஒரு கட்டை ஒரே சுரத்தைத்தான் தரும். இக்கருவியில் அப்படியில்லை. துருத்தியைத் தள்ளும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறொரு சுரமும் அதே பட்டனிலிருந்து வரும். மவுத் ஆர்கன் ஊதியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது. சி-யை ஷட்ஜமாகக் கொண்டால், தள்ளும்போது பத்துப் பட்டன்களும் க, ப, ச என்னும் மூன்றை மட்டுமே சுழற்சியாக ஒலிக்கின்றன: க ப ச க ப ச க ப ச க. இழுக்கும்போது முதல் பட்டனிலிருந்து வரிசையாக ப நி ரி ம த நி ரி ம த நி என்று வரும். இரண்டையும் சேர்த்தால் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் கிடைத்துவிடும். அதற்கு வெளியே ஒரு சுரம்கூடக் கிடைக்காது. எந்தச் சுரம் எந்தத் திசையில் அடைபட்டிருக்கிறது என்பதே கார்டுகளின் கதை முழுவதையும் தீர்மானிக்கிறது.

தள்ளும் திசையில் தவறுவதற்கே இடமில்லை. அடுத்தடுத்த எந்த மூன்று பட்டன்களை அழுத்தினாலும் ச, க, ப சேர்ந்த சி மேஜர்தான். 3, 4, 5 பட்டன்களில் ஷட்ஜம் அடியில் நிற்கும். 1, 2, 3 பட்டன்களில் காந்தாரமும் 2, 3, 4 பட்டன்களில் பஞ்சமமும் அடியில் வரும். கீபோர்டில் கை மாற்றிப் பழக வேண்டிய இந்தத் தலைகீழ் வடிவங்கள் இங்கே விரல்களை ஒரு பட்டன் தள்ளி வைப்பதாலேயே கிடைத்துவிடுகின்றன. தொடங்குபவருக்கு இது பெரிய ஊக்கம்.

இழுக்கும் திசையில்தான் கருவி சுவையாகிறது. முதல் நான்கு பட்டன்களைச் சேர்த்து இழுத்தால் ப நி ரி ம, அதாவது பஞ்சமத்தை (ஜி) அடியாகக் கொண்ட முழுமையான ஜி ஏழாம் கார்டு, கனத்த அடிக்குரலில் எழுகிறது. ஆனால் இழுப்பில் பஞ்சமம் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மேலே 6, 7, 8 பட்டன்களில் நி ரி ம மட்டுமே கிடைக்கும். தனியாகக் கேட்டால் அது அந்தரத்தில் தொங்குவது போலிருக்கும். அதே நேரத்தில் இடக்கை அடிச்சுர விசை பஞ்சமத்தைப் பிடித்தால் ஜி ஏழாம் கார்டு நிறைவாகிவிடுகிறது. இரு கைகளும் பாதிப்பாதி சுமக்கும் இந்த இடமே, கார்டு வாசிப்பில் இக்கருவி எனக்குத் தந்த மிகப் பெரிய மகிழ்ச்சி. 7, 8, 9 பட்டன்களில் ரி ம த, அதாவது டி மைனர், கிடைக்கிறது. அதை நான் அரைக் கார்டு என்றே கணக்கிடுவேன். ஏனெனில் இழுக்கும்போது இடக்கையில் ஜி-யைத் தவிர வேறொன்றும் இல்லை. வலக்கை மைனரோடு அது ஒட்டுவதில்லை.

இனி இல்லாதவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஃப் மேஜருக்கு ம, த, ச மூன்றும் ஒருசேர வேண்டும். மத்யமமும் தைவதமும் இழுப்பில் இருக்கின்றன. ஷட்ஜமோ தள்ளுவதில் மட்டுமே இருக்கிறது. ஒரே துருத்தி ஒரே நேரத்தில் இரு திசைகளிலும் போக முடியாதாகையால், எளிய நாட்டுப்பாடல்களுக்கு வேண்டிய மூன்று அடிப்படைக் கார்டுகளில் ஒன்று இக்கருவியில் இல்லவே இல்லை. ஏ மைனருக்கும் ஈ மைனருக்கும் இதே கதிதான். எஃப் வர வேண்டிய இடத்தில் வாசிப்பவர்கள் ம, த இரண்டை மட்டும் பிடித்து, இடக்கையைத் தூக்கிவிட்டு, மீதியைக் கேட்பவரின் காதுக்கே விட்டுவிடுகிறார்கள். கிட்டார் உடனிருந்தால் ஓட்டை தெரியாது. தனியாக வாசித்தால் தெரியும்.

இடக்கையின் இரண்டு விசைகளில் ஒன்று அடிச்சுரம், மற்றது கார்டு. தள்ளினால் சி, இழுத்தால் ஜி. அடி, கார்டு, அடி, கார்டு என்று மாறி மாறித் தட்டினால் இரண்டடி நடனத்துக்கும், அடி, கார்டு, கார்டு என்று தட்டினால் வால்ட்ஸுக்கும் போதுமான நடை கிடைக்கிறது. எந்தக் கார்டு வேண்டும் என்பதை இடக்கை தேர்ந்தெடுப்பதில்லை; வலக்கை மெட்டின் தேவைக்காகத் துருத்தி திரும்பும் திசையே அதைத் தீர்மானிக்கிறது. மெட்டு சி-யில் நின்றுகொண்டு ஒரு தைவதத்தைத் தொட்டுத் திரும்பினாலும், இடக்கை அந்த நொடியில் ஜி-க்குத் தாவிவிடும். விழிப்பில்லாமல் இடைவிடாது தட்டுபவர்களின் வாசிப்பு எரிச்சலூட்டுவதற்கு இதுவே காரணம். இடக்கைக் கார்டின் காந்தாரத்தை அடைத்து, ஷட்ஜ பஞ்சமம் மட்டும் ஒலிக்கச் செய்துகொள்வோரும் உண்டு. முரண் குறையும், நிறைவும் கொஞ்சம் குறையும்.

இந்தக் குறையோடுதான் ஓர் இசை மரபே வளர்ந்திருக்கிறது. கேஜன் இசையின் முதல் இசைத்தட்டாகக் கருதப்படுவதை 1928-இல் பதிவு செய்த ஜோ ஃபால்கன் அக்கார்டியன் வாசிக்க, கிளியோமா ப்ரோ கிட்டாரில் கார்டுகளைத் தந்தார். வேலைப் பங்கீடு அன்றே தெளிவாகிவிட்டது: அக்கார்டியனுக்கு மெட்டும் ஓசை வலுவும், கிட்டாருக்குக் கார்டு. இத்தனைக்கும், வியன்னாவில் சிரில் டெமியன் 1829-இல் காப்புரிமை பெற்ற ஆதிக் கருவியில் ஒவ்வொரு விசையும் ஒரு முழுக் கார்டையே ஒலித்தது. கார்டு வாசிக்கப் பிறந்த கருவி, நூறாண்டில் அந்த வேலையை இன்னொன்றிடம் கொடுத்துவிட்டது.

தொழிற்சாலைத் தயாரிப்பு கார்டு விஷயத்தில் பின்தங்கும் இடம் சுருதி. பியானோவுக்குரிய சமப் பகுப்பில் மேஜர் காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (அரைச் சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயரத்தில் நிற்கும். தூய காந்தாரம் ஏறத்தாழ 386 சென்ட்தான். இந்தப் பதினான்கு சென்ட் வேறுபாடு தனிச் சுரத்தில் உறுத்தாது. நான்கு தொகுதி ரீடுகள் திறந்திருக்க மூன்று பட்டன்களை அழுத்தினால், பன்னிரண்டு ரீடுகள் ஒன்றாக அதிரும்போது, அது நறநறவென்று கேட்கும். லூசியானாவின் கைவினைஞர்கள் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் வேண்டுமென்றே தாழ்த்திச் சுருதி சேர்க்கிறார்கள். தள்ளும் திசையில் ஒரே ஒரு கார்டுதான் உண்டு என்பதால், அதன் காந்தாரத்தைத் தூய்மையாக்குவதால் வேறெந்தக் கார்டும் கெடுவதில்லை. பியானோவில் செய்ய முடியாத சலுகை இது. முன்பு அங்கே புழங்கிய மோனார்க், ஸ்டெர்லிங் முதலிய ஜெர்மன் கருவிகளின் வரவு இரண்டாம் உலகப் போரோடு நின்றுபோனதால், உள்ளூரிலேயே செய்யும் தொழில் தழைத்தது. யூனிஸ் என்னும் சிற்றூரில் 1966-இல் கடை தொடங்கிய மார்க் சவோய் இந்த மரபில் பெயர் பெற்றவர். கையால் செய்த கருவிக்கும் தொழிற்சாலைக் கருவிக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. கார்டு முக்கியம் என்பவர், தொழிற்சாலைக் கருவியையே வாங்கி, நல்ல ரீடுத் தொழிலாளியிடம் சுருதியை மாற்றிக்கொள்வது சிக்கனமான வழி.

காற்றுச் செலவையும் கவனிக்க வேண்டும். துருத்தி சிறியது, நான்கு ஸ்டாப்புகளும் திறந்த நிலையில் மூன்று விரல் கார்டை நீட்டிப் பிடித்தால் சில நொடிகளில் துருத்தி முடிந்துவிடும். இடக் கட்டைவிரலின் காற்று விசை அப்போது உதவும் என்றாலும், அதை அழுத்தும் கணத்தில் ஒலி தளர்கிறது. கேஜன் வாசிப்பாளர்கள் பெரும்பாலும் எல்லா ஸ்டாப்புகளையும் திறந்து வைத்துக்கொண்டு, கார்டுகளை நீட்டாமல் வெட்டி வெட்டி வாசிப்பார்கள். வீட்டில் மெதுவாக வாசிப்பவர்களுக்கு நடுத்தொகுதி ரீடுகளில் ஒன்றை மட்டும் திறந்து வைப்பதை நான் பரிந்துரைப்பேன். காற்றும் மிச்சம், உரசலும் குறைவு.

பாட்டுக்குத் துணையாகக் கார்டுகள் மட்டும் வாசிக்க விரும்புபவர் இதை வாங்க வேண்டாம். அவருக்கு இரண்டு வரிசைக் கருவியோ சிறிய பியானோ அக்கார்டியனோ பொருந்தும். மெட்டோடு சேர்த்து இரண்டு, மூன்று சுரங்களை அடுக்கி, குறைவான கார்டுகளில் நிறைவான ஓசையைத் தேடுபவர் தயங்காமல் வாங்கலாம். கடையில் சோதிக்கும்போது முதலில் 2, 3, 4 பட்டன்களை அழுத்தி மெதுவாகத் தள்ளி, ஒலியில் வேகமான அலையடிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு முதல் நான்கு பட்டன்களையும் ஒருசேர மெல்ல இழுங்கள். தாழ்சுர ரீடு மற்றவற்றுக்குப் பின்தங்கித் தாமதமாகப் பேசினால், அந்தக் கருவியை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள்.