‘எந்திரர்’ என்று வைத்திருந்தால்? அடுத்த பாகங்களின் பெயர்கள்: ஓர் அலசல்

2025 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ் ஏறி உட்கார்ந்ததும் அக்கா மகன் போனை நீட்டி டிக்கெட்டைக் காட்டினான். ‘அவதார்’ மூன்றாம் பாகம். “மாமா, பேரைப் பாருங்க. ஃபயர் அண்ட் ஆஷ். டப்பிங் பட டைட்டில் மாதிரி இல்ல?” என்றான். சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். எனக்கு முள்ளோடை தாண்டியும் அந்தக் கேள்வி மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

“டப்பிங் பட டைட்டில்” என்று நம் ஊரில் சொன்னால் அது திட்டு. அவன் வயதுப் பிள்ளைகள் க்ரிஞ்ச் என்பார்கள், நாங்கள் மொக்கை என்போம். பெயர் பெரிதாகச் சத்தம் போடுகிறது, உள்ளே என்ன கதை என்று அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அறிவியல் புனைகதைப் படங்களின் அடுத்த பாகங்கள் இந்தத் திட்டை நிறையவே வாங்குகின்றன. விண்வெளி, எந்திரம், உலக அழிவு என்று வந்துவிட்டால் பெயர் வைக்கிறவர்களின் கை தானாகப் பெரிய சொல்லைத் தேடிப் போகிறது.

பெரிய சொல் வந்தாலே மொக்கை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சில பெயர்களை எதிரும் புதிருமாக நிறுத்திப் பார்த்தால்தான் இது விளங்கும்.

எண்ணை முதலில் முடித்துவிடலாம். 2, 3 என்று போட்டால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. ‘பேக் டு த ஃபியூச்சர்’ இரண்டாம் பாகம் 1989 நவம்பரிலும் மூன்றாம் பாகம் 1990 மே மாதத்திலும் வந்தன. ஒரே கதையின் தொடர்ச்சி, அதற்கு எண் பொருத்தம். ஆனால் அடுத்து ஒன்று வருகிறது என்பதைத் தவிர எண் எதையும் சொல்வதில்லை. ‘பிளேடு ரன்னர் 2049’ மட்டும் இதில் விதிவிலக்கு. 1982இல் வந்த முதல் படத்தின் கதை 2019இல் நடக்கும். அடுத்த படத்தின் பெயரில் இருக்கும் எண் வரிசை எண் கிடையாது, ஆண்டு. கதைக்குள் 30 ஆண்டுகள் ஓடிவிட்டன என்று அந்த நான்கு இலக்கங்களே சொல்லிவிடுகின்றன.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு ஆதங்கம் இருப்பது இங்கேதான்.

ஷங்கரின் படம் முதலில் ‘ரோபோட்’ என்ற பெயரில்தான் பேசப்பட்டது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று 2006இல் தமிழக அரசு ஆணை போட்டிருந்த காலம் அது. படம் 2010 அக்டோபர் 1 அன்று ‘எந்திரன்’ என்ற பெயரில் வந்தது. வரிக்காக வைத்த பெயர்தானே என்று இன்றைக்கும் சிலர் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. எந்திரம் என்பது அஃறிணை. கடைசி ‘ம்’மை எடுத்துவிட்டு ‘ன்’ போட்டதும் அது உயர்திணை ஆகிவிடுகிறது, ஆண்பாலும் ஆகிவிடுகிறது. ஓர் எந்திரத்துக்கு மனித உணர்ச்சி வந்து, ஒரு பெண்ணின் மீது ஆசை வந்தால் என்ன ஆகும் என்பதுதானே மொத்தக் கதையும்? அதை ஒரு மெய்யெழுத்தை மாற்றிப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். ‘ரோபோ’ என்ற தெலுங்குப் பெயரிலோ ‘ரோபோட்’ என்ற இந்திப் பெயரிலோ இது இல்லை. திணை பார்த்துப் பேசுகிற நமக்கு மட்டும் கிடைத்தது இது.

இப்படிப்பட்ட பெயருக்கு அடுத்த பாகம் எடுத்தால் என்ன வைப்பது? ‘எந்திரன் 2’ என்று வைத்திருக்கலாம், எண்ணைப் பற்றி மேலே சொன்னதே அதற்கும் பொருந்தும். ‘எந்திரன் ரிட்டர்ன்ஸ்’ என்று மட்டும் வைத்திருந்தால் போஸ்டர் பக்கமே நான் போயிருக்க மாட்டேன். வந்தது ‘2.0’.

அறிவிப்பு வந்த நாளில் எனக்கு அது பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் கடை விளம்பரம் போல இருந்தது. தமிழ்ச் சொல்லே இல்லாத பெயர் என்ற வருத்தம் வேறு. பிறகு முதல் படத்தை மறுபடி பார்த்தேன். சிவப்புச் சிப்பைப் பொருத்தியதும் அந்த எந்திரன் சிட்டி வேறு ஆளாகி வருகிறானே, அங்கேயே அவன் வெர்ஷன் 2.0 ஆகிவிட்டான். முதல் படத்திலேயே ஊன்றிய விதை இது. தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர் ஒரு சேதி சொல்கிறது: நல்லவன் மட்டும் வரப்போவதில்லை, அந்தப் பழைய முரடனும் திரும்பி வருகிறான். ‘ரிட்டர்ன்ஸ்’ என்ற சொல்லே இல்லாமல் அதைச் சொல்லிவிட்டது.

2018 நவம்பர் 29, படம் வந்த நாள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தியேட்டர் கவுன்டர் முன்னால் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கையில் மடித்த நோட்டு. கம்பிக்குள் கையை விட்டு, “ரஜினி படம், நாலு குடுப்பா” என்றார். அடுத்து நின்ற கல்லூரிப் பையன், “அண்ணே, டூ பாயிண்ட் ஓ, மூணு” என்றான். டூ பாயிண்ட் ஜீரோ என்று அந்த வரிசையில் ஒருவரும் சொல்லவில்லை. மூன்று அசையில் நாக்கில் உருண்டு விழுகிற பெயர். பிறகு அது சினிமாவையும் தாண்டிப் போய்விட்டது. மஞ்சக்குப்பத்தில் பழைய டிபன் கடையைப் பெயின்ட் அடித்துத் திறந்தால்கூட “கடை 2.0 ஆயிடுச்சு” என்கிறார்கள்.

அப்படியும் ஓர் ஆசை எனக்குள் இன்னும் இருக்கிறது. ‘ஏலியன்’ 1979இல் வந்தது. அடுத்த பாகம் 1986இல், பெயர் ‘ஏலியன்ஸ்’. ஒரே ஓர் ‘ஸ்’. முதல் படத்தில் ஒன்று, இப்போது கூட்டமாக வருகின்றன. அடுத்த பாகங்களுக்கு வைத்த பெயர்களில் இதைவிடச் சிக்கனமான ஒன்றை நான் பார்த்ததில்லை. இந்த வித்தையை அப்படியே தமிழில் செய்ய முடியாது. “ரெண்டு மாடு வந்துச்சு” என்றுதான் பேசுகிறோம், அஃறிணைக்குக் ‘கள்’ போடாமலே பேச்சு ஓடிவிடும். ஆனால் ‘எந்திரன்’ உயர்திணை ஆயிற்றே! ‘எந்திரர்’ என்று வைத்திருக்கலாமே. முதல் படத்தின் முடிவில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் கிளம்பி வந்தார்கள். இரண்டாம் படத்தில் குட்டி 3.0 என்று ஒரு படையே வருகிறது. ம் போய் ன் வந்தது முதல் பாகம், ன் போய் ர் வருவது இரண்டாம் பாகம்.

ஒரு நாள் சாப்பிடும்போது அக்காவிடம் இதைச் சொன்னேன். “எந்திரர்னா யாருடா? பெரிய மனுஷன் பேரு மாதிரி இருக்கே” என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. ‘ர்’ பன்மை மட்டுமில்லை, மரியாதையும்தான். புலவர் என்றால் நமக்கு ஒருவர்தான் நினைவுக்கு வருவார். ஏலியன்ஸின் ‘ஸ்’ காதில் பட்டதும் கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, எந்திரரின் ‘ர்’ மாலை போட்ட ஓர் ஆளைக் காட்டுகிறது. ஆசை ஆசையாகவே இருக்கட்டும். 2.0 தான் ஜெயித்தது, ஜெயித்ததும் சரிதான்.

திட்டு அதிகம் விழுவது பெயருக்குப் பின்னால் இரண்டு புள்ளி வைத்து இன்னொரு பெயர் ஒட்டும் வகைக்கு. இங்கே நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒட்டிய பெயரை உரித்து வேறொரு படத்தின் மேல் ஒட்டிப் பார்ப்பேன். அங்கேயும் உட்கார்ந்துவிட்டால் அது எந்தப் பானைக்கும் பொருந்துகிற மூடி.

‘டெர்மினேட்டர்’ வரிசை ஒன்றே இதற்குப் போதும். 1984இல் முதல் படம். 1991இல் இரண்டாம் பாகம், ‘ஜட்ஜ்மென்ட் டே’. நியாயத்தீர்ப்பு நாள். தேவாலயச் சுவர்களில் எழுதியிருக்கிற சொல், கேட்டதும் ஓவர் பில்டப் என்றுதான் தோன்ற வேண்டும். ஆனால் படத்துக்குள் அதற்குத் தேதியே இருக்கிறது: 1997 ஆகஸ்ட் 29. ஸ்கைநெட் என்ற கணினி மூளை அணுகுண்டு போட்டு 300 கோடி மனித உயிர்கள் போகிற நாள். கதாநாயகி சாரா கானர் பயப்படுவதும், அவளைப் பைத்தியம் என்று அடைத்து வைத்திருப்பதும் அந்த ஒரு நாளின் பொருட்டு. உரித்து ‘அவதார்’ மேல் ஒட்டினால் நிற்காது. பெயர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பொருள் உள்ளே இருக்கிறது, அதனால் நாம் சிரிப்பதில்லை.

அதே வரிசையில் 2009இல் ‘சால்வேஷன்’, 2019இல் ‘டார்க் ஃபேட்’. இருண்ட விதி! இதை ‘இண்டிபெண்டன்ஸ் டே’ மேல் ஒட்டலாம், ‘பசிபிக் ரிம்’ மேல் ஒட்டலாம், ஒரு பேய்ப் படத்தின் மேல்கூட ஒட்டலாம். அந்த இரண்டு படங்களின் அடுத்த பாகங்களும் ‘ரிசர்ஜென்ஸ்’, ‘அப்ரைசிங்’ என்றுதான் வந்தன, அவற்றை இடம் மாற்றி வைத்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. நடுவில் 2015இல் ‘ஜெனிசிஸ்’, அதுவும் எழுத்துப் பிழையோடு. அது படத்தில் வரும் ஒரு மென்பொருளின் பெயர், பிராண்டுகள் அப்படித்தான் எழுத்தை மாற்றி வைக்கும் என்று காரணம் சொல்ல முடியும். ஒரு பெயருக்கு இப்படி விளக்கம் சொல்ல வேண்டி வந்தாலே எனக்கு ஆர்வம் போய்விடுகிறது.

இதில் ‘மேட்ரிக்ஸ் ரீலோடட்’ பக்கம் பேச ஆசை. 2003இல் வந்தபோது துப்பாக்கியில் தோட்டா போடுகிற கெத்து மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது. மேட்ரிக்ஸ் என்ற அந்தக் கணினிப் பொய் உலகத்தைத் திரும்பத் திரும்ப அழித்து ஏற்றியிருக்கிறார்கள், இதற்கு முன்பே இது நடந்திருக்கிறது என்று கடைசியில் தெரியும்போதுதான் பெயரின் கனம் புரிந்தது.

‘ஸ்டார் வார்ஸ்’ வேறு கதை. 2002இல் வந்த படத்துக்கு ‘அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்’ என்று பெயர் அறிவித்தபோது பலர் முகம் சுளித்தார்கள். 1930களில் வாராவாரம் ஓடிய விண்வெளித் தொடர்படங்களைப் பார்த்து வளர்ந்த ஜார்ஜ் லூகாஸ், அந்தப் பழைய வாசனையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார். அது மொக்கைதான், ஆனால் அந்த வீட்டுக்குச் சொந்தமான மொக்கை. அவரே ஒரு சொல்லுக்காக எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 1983 படத்துக்கு ‘ரிவெஞ்ச் ஆஃப் த ஜெடாய்’ என்று பெயர் அறிவித்து, போஸ்டரும் அடித்தாயிற்று. நல்லவர் பக்கத்துப் போர்வீரனான ஜெடாய் பழிவாங்க மாட்டான் என்று பிறகு ‘ரிட்டர்ன்’ ஆக மாற்றினார்கள். அந்த ‘ரிவெஞ்ச்’ 2005இல் ஜெடாய்களின் எதிரிகளான ‘சித்’களின் பெயரோடு போய்ச் சேர்ந்தது. பழி யாருடையதோ அவர்களிடம்.

புதுச்சேரியில் படத்துக்கு நேரம் இருந்ததால் முத்தியால்பேட்டையில் அத்தை வீட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர்ப் பஞ்சாயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ‘ஏலியன்’ படத்தை அவர் பிரான்சில் பார்த்திருக்கிறார். அங்கே அதற்கு ‘எட்டாவது பயணி’ என்று பொருள்படும் துணைப்பெயர் உண்டு. கப்பலில் ஏழு பேர், எட்டாவது யார்? “அந்தப் பேரப் படிச்சதுமே முதுகு ஜில்லுனு ஆச்சுப்பா” என்றார். அடுத்த பாகத்துக்கு என்ன என்று கேட்டேன். “ஏலியன்ஸ், லெ ரெத்தூர்.” ரெத்தூர் என்றால் திரும்பி வருவது. நம் ‘ரிட்டர்ன்ஸ்’ அங்கேயும் இருக்கிறது! ஆங்கிலத்தில் ஒரே ‘ஸ்’ போட்டு முடித்ததை அவர்கள் நீட்டிக் கெடுத்துவிட்டார்கள். மூலத்தைவிட நல்ல பெயர் வைத்தவர்களே அடுத்த பாகத்தில் கோட்டை விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

‘அவதார்’ விஷயத்துக்கு வருகிறேன். 2022இல் வந்த இரண்டாம் பாகம் ‘த வே ஆஃப் வாட்டர்’. நீரின் வழி. காட்டில் வாழ்ந்த குடும்பம் கடலோர மக்களிடம் அடைக்கலம் புகுந்து, மூச்சை அடக்குவதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. சத்தமே இல்லாத பெயர். ‘யாதும் ஊரே’ பாட்டில் கணியன் பூங்குன்றன் ஆற்றில் விட்ட புணை இந்தக் காதுக்குள் இன்னும் மிதந்துகொண்டிருப்பதால், நமக்கு இது இன்னும் கொஞ்சம் நெருக்கமாகவே கேட்கிறது. உரித்து வேறெங்கும் ஒட்ட முடியாது. முழு மதிப்பெண்.

‘ஃபயர் அண்ட் ஆஷ்’? படம் முடிந்து திரும்பும் பஸ்ஸில் பையனே ஆரம்பித்தான். “மாமா, சாம்பல் ஜனம்னு ஒரு கூட்டமே வருதே. அப்ப பேரு கரெக்ட்தானா?” எரிமலை அவர்கள் ஊரை அழித்துவிட்டது, அதிலிருந்து சாமியையே வெறுத்துவிட்ட கூட்டம், வராங் என்ற பெண் தலைவி. ஆஷ் அந்தக் கதைக்கே உரியது. ஃபயர்தான் இடிக்கிறது. நெருப்பு எந்தப் படத்திலும் எரியும், டிராகன் கதையிலும் எரியும், பழிவாங்கும் கதையிலும் எரியும். பையன் காலையில் சொன்னது அந்தப் பாதிக்குச் சரி. சாம்பல் என்று மட்டும் வைத்திருந்தால் போதும், எரிந்தது எது என்று நாமே கேட்டிருப்போம்.

“அவதார்: சாம்பல்” என்று சொல்லிக் காட்டினேன். அவன் ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். “இது நல்லா இருக்கு மாமா” என்றான். ஹெட்போன் அவன் கழுத்திலேயே இருந்தது.