ரீஃபாக்டரிங்குக்கு இன்டெலிஜே ஐடியா: பழைய பில்லிங் கோடோடு பழகிய அனுபவம்

காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி டைல்ஸ் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கிறேன். பல பேர் கைபட்டு வளர்ந்த ஜாவா கோட். சில வருடங்களாக, கோட் எழுதவும் திருத்தவும் உதவும் இன்டெலிஜே ஐடியா என்ற மென்பொருளில்தான் அதை ரீஃபாக்டரிங் செய்து வருகிறேன்; அதாவது, வெளியே தெரியும் நடத்தையை மாற்றாமல் உள்ளமைப்பைச் சீர்செய்கிறேன்.

இயந்திரத்தனமான வேலைகளில் இதைத் தாராளமாக நம்பலாம். ஷிஃப்ட்+எஃப்6 அழுத்திக் கோடில் உள்ள ஒரு பெயரை மாற்றினால், அது வருகிற இடமெல்லாம் மாறிவிடும். ஆனால் ஸ்ட்ரிங்குகளிலும் (மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துகள்) தேடச் சொன்னால், தரவுத்தளத்தைக் கேட்கும் எஸ்கியூஎல் வரிக்குள் இருக்கும் அட்டவணைப் பத்தியின் (column) பெயரையும் சேர்த்துப் பிடிக்கும். முன்னோட்டத்தைப் பார்க்காமல் ஓகே கொடுக்காதீர்கள்.

டிசைன் எங்கே கெட்டிருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது கருவி அல்ல, கடைக்காரர். "தம்பி, கொட்டேஷன்ல 99 சதுர அடி, பில்லுல 100. எது சரி?" என்று கேட்டார். 8 அங்குல டைல் ஒன்று 64 சதுர அங்குலம். சதுர அடியாக்க 144-ஆல் வகுத்தால் 0.444 என்று நீண்டுகொண்டே போகும். கொட்டேஷன் அதை 0.44 ஆக்கிவிட்டு, டைல் எண்ணிக்கையான 225-ஆல் பெருக்கியது. பில் பெருக்கிய பிறகு முழுமையாக்கியது. 12 அங்குல டைல் சரியாக ஒரு சதுர அடி என்பதால் அதில் இந்தக் கோளாறு வெளியே தெரியவே இல்லை.

ஒரே கணக்கு பல இடத்தில் எழுதப்பட்டிருந்ததுதான் நோய். கன்ட்ரோல்+ஆல்ட்+எம் ஒரு கோட் துண்டைத் தனி மெத்தடாக (பெயரிட்டு அழைக்கக்கூடிய கோட் பகுதி) பிரிக்கும்போது, அதே கிளாஸில் (மெத்தடுகளின் தொகுப்பு) அதுபோன்ற துண்டுகள் இருந்தால் அவற்றையும் மாற்றட்டுமா என்று கேட்கும். இங்கே கேட்கவில்லை. முழுமையாக்கும் வரிசை வேறு, கிளாஸும் வேறு. இந்த மாதிரி ஒற்றுமையை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

அதனால் முதலில், அப்போது வந்துகொண்டிருந்த விடைகளையே, 99 உட்பட, ஜேயூனிட் டெஸ்ட்டாக (கோட் தரும் விடையைத் தானாகச் சரிபார்க்கும் சோதனை) எழுதி வைத்தேன். அப்புறம் இரண்டு கணக்கையும் பரப்பளவுக்கென்று ஒரே கிளாஸுக்குள் கொண்டுவந்தேன். விடை எதுவும் மாறவில்லை. 99-ஐ 100 ஆக்கியது தனி கமிட் (தனியாகப் பதிவு செய்த மாற்றம்), அதுவும் கடைக்காரரிடம் கேட்ட பிறகு. ரீஃபாக்டரிங் என்றால் நடத்தை மாறக் கூடாது. பிழை திருத்தத்தை அதோடு கலந்தால் எது எதை உடைத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இந்த ஒன்றில் நான் பிடிவாதக்காரன்.

குறை என்றால் மெமரி. 8 ஜிபிக்குக் கீழே உள்ள மடிக்கணினியில் நிறுவாதீர்கள். டெஸ்ட்டே இல்லாத கோட் கையில் இருந்தால், டெஸ்ட் எழுதிவிட்டு இந்த ஷார்ட்கட்டுகள் பக்கம் வாருங்கள்.