கம்யூனிட்டி கல்லூரியில் ரெமீடியல் வகுப்பு: எந்த ஏற்பாடு மாணவரைக் கரையேற்றுகிறது?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டாண்டுக் கல்லூரி. கட்டணம் குறைவு, மதிப்பெண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும், பிள்ளை வளர்ப்பவர்களும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்களும் இங்கேதான் சேர்கிறார்கள். சேர்ந்தவுடன் அக்யூபிளேசர் மாதிரி ஏதாவது ஒரு கணினித் தேர்வு. அதில் மதிப்பெண் குறைந்தால் கல்லூரிப் பாடத்துக்கு முன்னால் ரெமீடியல் வகுப்பு, அதாவது பள்ளியில் விட்டுப்போன அடிப்படையை ஈடுகட்டும் வகுப்பு. அதற்குக் கட்டணம் உண்டு, பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. பல ஆண்டுகளாக இருந்த இந்த வழக்கத்துக்கு மாற்றாக இப்போது சில ஏற்பாடுகள் வந்துவிட்டன. அவற்றில் எது நல்லது?

முதலில் பழைய முறை. கூட்டல் கழித்தலில் தொடங்கி, தொடக்க அல்ஜீப்ரா, அடுத்த நிலை அல்ஜீப்ரா என்று படிப்படியாக ஏறும் ஏணி அது. அடித்தளம் பலமாக இருக்கட்டும் என்ற எண்ணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2010இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது என்ன? கணித ரெமீடியலுக்கு அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர்தான் அந்த வரிசையை முடித்திருந்தார். தேர்வில் தோற்று வெளியேறியவர்களைவிட, முதல் வகுப்பிலோ அடுத்த வகுப்பிலோ பதிவே செய்யாமல் போனவர்கள்தான் அதிகம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூன்று படிகள், ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் பேர் பதிவு செய்கிறார்கள், அவர்களில் 80 சதவீதம் பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடங்கிய 100 பேரில் முடிவில் மிஞ்சுவது 26 பேர். எந்த ஆசிரியரும் மோசமாகப் பாடம் நடத்தியிருக்கத் தேவையில்லை. போதாக்குறைக்கு, அந்தக் கணினித் தேர்வே பலரைத் தவறான இடத்தில் உட்கார வைத்தது. நேரடியாகக் கல்லூரிப் பாடம் எடுத்திருந்தால் நன்றாகவே தேறியிருக்கக்கூடியவர்கள் ரெமீடியலில் மாட்டிக்கொண்டார்கள். பள்ளி மதிப்பெண்ணே அதைவிட நம்பகமான அளவுகோல் என்பது பின்னால் தெரிந்தது.

அடுத்தது கோரெக்விசிட். மாணவர் முதல் பருவத்திலேயே கல்லூரிப் பாடத்தில் சேர்ந்துவிடுவார். கூடவே ஒரு துணை வகுப்பு. பால்டிமோர் கவுண்டி கம்யூனிட்டி கல்லூரி 2007இல் ஆங்கிலத்துக்கு இதைத் தொடங்கியது. அங்கே கல்லூரி ஆங்கிலம் நடத்தும் ஆசிரியரே துணை வகுப்பையும் நடத்துவார். காலையில் கட்டுரையில் மாணவர் எங்கே தடுமாறினார் என்பது அவருக்கே தெரியும் என்பதால், அடுத்த மணி நேரத்தில் அதையே எடுத்துத் திருத்த முடியும். டென்னசி 2015இல் மாநிலத்தின் 13 கம்யூனிட்டி கல்லூரிகளுக்கும் இதைக் கொண்டுவந்தது. தேர்வு மதிப்பெண்ணில் ரெமீடியலின் விளிம்பில் இருந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வில், பழைய முறையைவிட முதலாண்டுக்குள் கல்லூரிக் கணிதத்தில் தேறும் வாய்ப்பு சுமார் 15 சதவீதப் புள்ளி கூடியிருந்தது.

கோரெக்விசிட் வந்த இடமெல்லாம் ஒரு சண்டையும் வருகிறது. ‘வகுப்பில் தோற்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்’ என்கிறார்கள் ஆசிரியர்கள். அது பொய்யில்லை. முன்பு அந்த வகுப்பை எட்டியே பார்க்காதவர்கள் இப்போது உள்ளே இருக்கிறார்களே. ஆனால் வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று பார்ப்பது வேறு, கல்லூரியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று பார்ப்பது வேறு. ரெமீடியலைப் பலருக்கு விருப்பத் தேர்வாக்கிய ஃபுளோரிடாவிலும் இதே கதைதான். மாணவர் பக்கம் நின்று பார்த்தால் இரண்டாவது கணக்குதான் முக்கியம் என்பேன். ஏணியில் காணாமல் போனவர் எந்த வகுப்பின் தோல்விப் பட்டியலிலும் வரமாட்டார். தோற்றவருக்கு என்ன செய்வது என்பது நியாயமான கேள்விதான். அதற்கு விடை மறுபடி ஏணி கட்டுவதல்ல.

எந்தக் கணிதம் என்பதும் சேர்ந்தே வருகிறது. நர்சிங்கோ சமூகப் பணியோ படிக்கப்போகிறவருக்கு அல்ஜீப்ராவைவிடப் புள்ளியியல் பயன்படும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமான கியூனி, 2013இல் தன் கம்யூனிட்டி கல்லூரிகளில் மூன்றில் சீட்டுக் குலுக்கல் மாதிரி மாணவர்களைப் பிரித்துச் சோதித்தது. எல்லோரும் தொடக்க அல்ஜீப்ரா தேவை என்று கணிக்கப்பட்டவர்கள். ரெமீடியல் அல்ஜீப்ரா எடுத்தவர்களில் 39 சதவீதம் தேறினர், அதோடு வாராந்தரப் பயிற்சியும் பெற்றவர்களில் 45 சதவீதம். நேரே கல்லூரிப் புள்ளியியலில் உட்கார்ந்து பயிற்சி பெற்றவர்களிலோ 56 சதவீதம். கடினமான பாடத்தில்தான் அதிகம் பேர் தேறினார்கள்! பொறியியல் பக்கம் போகிறவருக்கு மட்டும் இந்த வழி உதவாது. அவருக்கு அல்ஜீப்ரா வேண்டும்.

கியூனி ஸ்டார்ட் என்று இன்னொன்று உண்டு. கல்லூரியில் சேருவதைத் தள்ளிவைத்து, ஒரு பருவம் முழுக்கத் தீவிரப் பயிற்சி. கல்வி உதவித்தொகை கரையாது என்பது அதன் பெரிய நன்மை. மிகவும் பின்தங்கியவர்களுக்கு ஏற்றது, எல்லோருக்கும் தேவையில்லை.

சரி, கோரெக்விசிட் போதுமா? டென்னசி ஆய்விலேயே, பட்டம் வரை போவதில் வித்தியாசம் தெரியவில்லை. மாணவரைப் படிப்பிலிருந்து இழுப்பது கணிதம் மட்டுமல்ல; வாடகையும் பேருந்துக் கட்டணமும் வேலை நேரமும்தான். கியூனி 2007இல் தொடங்கிய ஏசாப் திட்டம் இங்கேதான் கைகொடுத்தது. உதவித்தொகை போக மீதிக் கட்டணத்தை அது ஏற்கிறது. பேருந்து, ரயிலுக்கான பயண அட்டை, புத்தக உதவி, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் எல்லாம் உண்டு. ரெமீடியல் தேவைப்பட்டவர்களை வைத்து நடந்த சோதனையில், மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் 22 சதவீதத்திலிருந்து 40 சதவீதமானார்கள். ஒரு மாணவருக்கான செலவு கூடியது. ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தது. ஓஹியோவில் மூன்று கல்லூரிகள் செய்து பார்த்தபோதும் ஏறக்குறைய இதே பலன்.

எனவே என் தேர்வு கோரெக்விசிட்டும் ஏசாப்பும் சேர்ந்தது. ஒன்று முதலாண்டைக் கடக்க வைக்கிறது, மற்றது பட்டம் வரை பிடித்து வைக்கிறது. ஒரு இடறல் இருக்கிறது: ஏசாப்பில் முழுநேரம் படித்தே ஆகவேண்டும். கடையில் நின்றுவிட்டு மாலையில் இரண்டு பாடம் படிக்கிறவருக்கு அங்கே இடமில்லை. ஆலோசகரையும் பயண அட்டையையும் முழுநேரப் பதிவோடு கட்டிப்போட வேண்டியதில்லை. மாலை நேரத்துப் புள்ளியியல் வகுப்பு, அதன் துணை வகுப்பு, கூடவே அந்த இரண்டு உதவிகள் என்று பகுதிநேர மாணவருக்கு முதலில் கொடுத்துப் பார்க்கலாம்.